ரெஃபுஜியம் பாசி சரியாக வேலை செய்யாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரீஃப் தொட்டி எனப்படும் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கட்டுக்குள் வைப்பதற்காக, அதன் வடிகட்டித் தொட்டியான சம்பில் ஓர் அறையை ரெஃபுஜியமாக ஒதுக்கி அதில் கீட்டோமார்ஃபா, கௌலெர்பா, கிராசிலேரியா போன்ற பெரும்பாசிகளை விளக்கொளியில் வளர்ப்பவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலான தொட்டிகளில் இருப்பது கீட்டோமார்ஃபாவே (சுருக்கமாக, கீட்டோ) என்பதால், வேறு பெயர் சொல்லாத இடங்களில் ‘பாசி’ என்பது அதையே குறிக்கும். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத சோதனை முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்ற வேண்டாம். விளக்குக் கண்ணாடியைத் துடைத்தாலே தீர்ந்திருக்கக்கூடிய கோளாறுக்குப் புது விளக்கு வாங்கியவர்கள் ஏராளம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவீடுகள்

நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (நீர் அமிலத்தை ஈடுசெய்யும் திறன்), உப்புத்தன்மை, வெப்பநிலை ஆகிய ஐந்தையும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், ஆல்கலினிட்டி 7 முதல் 9 டிகேஹெச், உப்புத்தன்மையைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்ற எல்லைக்குள் இருந்தால் பாசியும் பவளமும் சேர்ந்து வாழும்.

எண்களை நம்புவதற்கு முன் அவை எந்த அலகில் இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். சில கையடக்க மீட்டர்கள் பாஸ்பேட்டைக் காட்டுவதில்லை. பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் காட்டுகின்றன. அந்த எண்ணை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். அதாவது திரையில் தெரியும் 10 என்பது ஏறத்தாழ 0.03 பிபிஎம். அதேபோல் சில டெஸ்ட் கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரஜன் அளவாகத் தருகின்றன; அதை 4.43 ஆல் பெருக்க வேண்டும். தொட்டியில் நைட்ரைட் இருந்தால் பல நைட்ரேட் கிட்டுகள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்பதால், புதிய தொட்டிகளில் நைட்ரைட்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

## அறிகுறி 1: பாசி சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை

நலமாக உள்ள கீட்டோ, சிக்கிய தூண்டில் நரம்பைப் போல விறைப்பாக இருக்கும். கையில் அழுத்தினால் மீண்டும் விரியும். விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரம் ஆனபின் இழைகளுக்கு நடுவே சிறு சிறு ஆக்சிஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வாரங்களாகப் பந்தின் அளவு மாறவில்லை, குமிழிகளும் இல்லை என்றால், அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்க்காணும் கிளைகளில் உங்களுக்குப் பொருந்துவதற்குச் செல்லுங்கள்.

### 1அ: நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் மட்டும் இருக்கிறது

நான் பார்க்க நேர்ந்த நின்றுபோன ரெஃபுஜியங்களில் மிகுதியானவை இந்த வகை. பெரும்பாசிகள் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக முப்பது நைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்கின்றன. கிட் காட்டும் எண்களில் சொன்னால், ஒரு பிபிஎம் பாஸ்பேட் குறைவதற்குள் ஏறத்தாழ இருபது பிபிஎம் நைட்ரேட் தீர்ந்துவிடும். தொட்டியில் நைட்ரேட் 10, பாஸ்பேட் 1 என்று தொடங்கியவருக்கு, புதிதாக எதுவும் சேராவிட்டால், பாஸ்பேட் பாதியளவு குறையும்போதே நைட்ரேட் காலியாகிவிடும். அங்கே பாசி நின்றுவிடுகிறது. மீதமுள்ள பாஸ்பேட்டை எடுக்க அதற்கு வழியில்லை.

முதலில் இலவச வழியைப் பாருங்கள்: மீன்களுக்குக் கொடுக்கும் உணவைச் சற்றுக் கூட்டலாம், கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மரை வறண்ட நுரை எடுக்கும் நிலைக்குக் குறைக்கலாம், வோட்கா அல்லது வினிகர் ஊற்றிப் பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருந்தால் அதைப் படிப்படியாக நிறுத்தலாம். பாக்டீரியாவும் பாசியும் ஒரே நைட்ரேட்டுக்குத்தான் போட்டியிடுகின்றன. இரண்டையும் ஒரே தொட்டியில் முழு வேகத்தில் ஓட்டுவதில் பொருளில்லை.

உணவைக் கூட்டினால் பாஸ்பேட்டும் கூடவே ஏறுகிறது என்றால், நைட்ரேட்டைத் தனியாகச் சேர்ப்பதே சரி. தூய்மையான சோடியம் நைட்ரேட் 14 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்துக்கொண்டால், அந்தக் கரைசலில் 10 மில்லி லிட்டர் 100 லிட்டர் தொட்டி நீரில் நைட்ரேட்டை ஏறத்தாழ 1 பிபிஎம் உயர்த்தும். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்து, சம்ப் நீரையும் சேர்த்து உண்மையான நீரளவைக் கணக்கிட்டு, நாளொன்றுக்கு 1 பிபிஎம்முக்கு மேல் உயர்த்தாமல், 3 முதல் 5 பிபிஎம் நிலைக்கும் வரை சேர்த்துவாருங்கள். தோட்ட உரத்தை இதற்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் செம்பும் அம்மோனியமும் கலந்திருக்கலாம். நைட்ரேட் 5-இல் நின்றும் பாஸ்பேட் 0.2-க்குக் கீழே இறங்க மறுத்தால், ஜிஎஃப்ஓ எனப்படும் இரும்பு ஆக்சைடு மணிகளைச் சிறிதளவு பயன்படுத்தி அதை மெதுவாக இறக்கலாம்.

### 1ஆ: இரண்டும் போதிய அளவு இருக்கின்றன

முதல் சோதனை விளக்கு. அதை அணைத்துவிட்டு அடிப்பக்கக் கண்ணாடியில் விரலை இழுத்துப் பாருங்கள். நீர் தெறித்துக் காய்ந்த உப்பு வெள்ளைப் படலமாகப் படிந்து, விரல் சென்ற இடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தால், பாசிக்குச் சேர வேண்டிய ஒளியின் ஒரு பகுதி அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். விளக்கு குளிர்ந்தபின் ஆர்.ஓ. நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். விளக்கின் குளிரூட்டும் விசிறி சுழல்கிறதா என்றும் பாருங்கள். உப்பேறி விசிறி நின்ற எல்.இ.டி. விளக்கு, சூட்டினால் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். டைமர் சரியான நேரத்தில் இயங்குகிறதா என்பதை நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். எரியும் நேரம் நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் 12 முதல் 16 மணி நேரமாக உயர்த்தலாம்.

இரண்டாவது சோதனை பந்தின் பருமன். பந்தை வெளியே எடுத்து நடுவில் பிளந்து பாருங்கள். வெளிப்புறம் பச்சையாகவும் உட்புறம் வெளிறி, சேறு படிந்தும் இருந்தால், பாசி தன் நிழலிலேயே நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ எடுத்துவிட்டு, மீதியைத் தொட்டி நீர் நிறைந்த வாளியில் அலசி, தளர்த்தி, அரைச் சாண் உயரத்துக்கு மிகாமல் பரப்பி வையுங்கள்.

மூன்றாவது நீரோட்டம். ரெஃபுஜியத்தில் நீர் மெல்ல ஊர்ந்தால் போதும் என்ற பழைய அறிவுரை இன்றும் சொல்லப்படுகிறது. சிற்றுயிர்களைப் பெருக்குவதற்காக மட்டும் அறையை வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். சத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இழைகளின் மேல் புதுநீர் தொடர்ந்து உரச வேண்டும். பந்து மெதுவாகப் புரளும் அளவுக்கு, அல்லது குறைந்தபட்சம் இழைகள் அசையும் அளவுக்கு ஓட்டம் தேவை. அறையின் மூலையில் ஒரு சிறு பம்ப் வைத்தாலே போதும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் வளர்ச்சி இல்லாவிட்டால் மட்டுமே நுண்சத்துகளின் பக்கம் திரும்ப வேண்டும். ஆல்கலினிட்டி 7-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாசி பச்சை மங்கி மஞ்சளாகத் தெரிந்தால் இரும்பும் மாங்கனீஸும் குறைந்திருக்க வாய்ப்புண்டு; நீண்ட நாள் நீர் மாற்றாத தொட்டிகளில் இது வழக்கம். ஒரு முறை நன்றாக நீர் மாற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருப்பது, புட்டியில் விற்கும் இரும்புக் கரைசலை விட மலிவான சோதனை. அதன்பின் கரைசலைச் சேர்ப்பதானால், புட்டியில் சொல்லியிருப்பதில் கால்பங்கில் தொடங்கி, பாசியின் நிறத்தைப் பார்த்துக் கூட்டுங்கள். இரும்பு கடல்நீரில் மிக மிகக் குறைவாகவே இருப்பதால், வீட்டு கிட்டுகளால் அதை நம்பத்தகுந்த வகையில் அளக்க இயலாது.

நிபுணரிடம் செல்லும் கட்டம்: விளக்கு, பருமன், ஓட்டம், நீர் மாற்றம் நான்கையும் முடித்து நான்கு வாரமாகியும் அசைவில்லையென்றால், நீர் மாதிரியை ஐசிபி (தனிமங்களை நுணுக்கமாக அளக்கும்) சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். பொட்டாசியம் இயல்பான 380–400 பிபிஎம்மிலிருந்து இறங்கியிருப்பதும், எங்கிருந்தோ செம்பு கலந்திருப்பதும் அந்த அறிக்கையில்தான் தெரியும்.

### 1இ: இரண்டுமே பூஜ்யம்

பாசி தன் வேலையை முடித்துவிட்டது. இதைக் கோளாறாக எண்ணி விளக்கைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். அறிகுறி 5-க்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 2: பாசி வெளுக்கிறது, கரைகிறது, உடைந்து உதிர்கிறது

### 2அ: வாங்கி வைத்த சில நாள்களுக்குள்

பயணத்தில் சூடேறியது, உப்புத்தன்மை சட்டென்று மாறியது, மங்கிய ஒளியிலிருந்து கடும் ஒளிக்கு வந்தது ஆகிய மூன்றில் ஒன்று. வெளுத்த இழைகளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, பச்சையாக எஞ்சியதை விளக்கின் கீழ் நாளுக்கு 6 மணி நேரத்தில் தொடங்கி உயர்த்துங்கள். ஒரு கைப்பிடி பச்சை மிஞ்சினாலும் அது போதும்.

### 2ஆ: மேற்பரப்பு மட்டும் வெளுக்கிறது, அடியில் பச்சையாக இருக்கிறது

ஒளி மிகுந்துவிட்டது. விளக்கை உயர்த்துங்கள் அல்லது அதன் செறிவைக் குறையுங்கள். எரியும் நேரத்தைக் குறைப்பதைவிட இதுவே பலன் தரும்.

### 2இ: நெடுநாள் நன்றாக இருந்த பாசி முழுவதும் ஒருசேரக் கரைகிறது

கடந்த இரண்டு வாரங்களில் தொட்டியில் ஊற்றியவற்றைப் பட்டியலிடுங்கள். முடிப்பாசியைக் கொல்வதற்கென விற்கப்படும் திரவங்கள் பெரும்பாசியையும் விட்டுவைப்பதில்லை. நீரில் ஊற்றியது எந்தப் பாசிக்கு என்று மருந்துக்குத் தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. நிறுத்திவிட்டு, நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, கரைந்த பாசி முழுவதையும் வெளியேற்றுங்கள். அது அங்கேயே அழுகினால் உறிஞ்சிய சத்து அத்தனையும் தொட்டிக்குத் திரும்பிவிடும். எதையும் ஊற்றவில்லையென்றால் வெப்பநிலையைப் பாருங்கள். ஹீட்டர் அணையாமல் சிக்கி நீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பம்பின் காந்த ரோட்டரையும் தொட்டிக்குள் இருக்கும் சுத்திகரிப்புக் காந்தத்தையும் எடுத்துத் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

### 2ஈ: கௌலெர்பா கண்ணாடி போலாகிறது, நீர் கலங்குகிறது

இது அவசரநிலை. கௌலெர்பா இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது தன் உடலின் உட்பொருள் முழுவதையும் நீரில் விட்டுவிட்டு இறந்துபோகும். முதலில் இலைகளின் பச்சை திட்டுத்திட்டாகப் பிரிந்து நுனிகள் ஒளி ஊடுருவும்படி ஆகும். அதன்பின் நீர் பச்சையும் வெண்மையுமாகக் கலங்கும். இரவில் ஆக்சிஜன் சரிந்து மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளக்கும்.

நுனிகள் தெளியத் தொடங்கும்போதே கண்டுகொண்டால், ரெஃபுஜியத்துக்குச் செல்லும் நீரை நிறுத்திவிட்டு, பாதிக்கப்பட்ட கொடிகளை முழுதாக உருவி எடுங்கள். கத்தரிக்க வேண்டாம், வெட்டுவாயில் சாறு கசியும். நீர் ஏற்கெனவே கலங்கிவிட்டால் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டி, காற்றுக்கல் இட்டு, பம்பின் முகத்தை மேற்பரப்பை நோக்கித் திருப்பி, கார்பன் வைத்து, 25 முதல் 30 சதவீத நீரை மாற்றுங்கள். மீன்கள் அரை மணி நேரத்துக்குப் பின்னும் மூச்சு வாங்கினால் அவற்றை வேறு கடல்நீருக்கு மாற்றிவிட்டு, நீர்வாழ் உயிரிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரையோ அனுபவமுள்ள பராமரிப்பாளரையோ அழையுங்கள்.

விளக்கை 24 மணி நேரமும் எரியவிட்டும் அடிக்கடி பறித்தும் இந்த நிலையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. என் கருத்தில், கீட்டோ கிடைக்கும்போது கௌலெர்பாவை நாடுவதற்குக் காரணமே இல்லை. பறித்த கௌலெர்பாவைக் கழிவுநீரிலோ கடலிலோ போடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1984-இல் மொனாக்கோ கடற்கரையில் கண்டறியப்பட்ட கௌலெர்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக் கடலில் பரவிவிட்டது. 2000-இல் கலிபோர்னியாவில் தென்பட்ட அதே இனத்தை முற்றிலும் ஒழித்ததாக அறிவிக்க 2006 வரை ஆயிற்று. சில பகுதிகளில் இதை வைத்திருப்பதே சட்டவிரோதம். வெயிலில் முழுக்கக் காயவைத்து குப்பையில் சேர்ப்பதே முறை.

## அறிகுறி 3: பாசி செழிப்பாக வளர்கிறது, ஆனால் எண்கள் இறங்கவில்லை

இங்கே பாசியைக் குறை சொல்ல முடியாது. அது எடுப்பதைவிட உள்ளே வருவது அதிகம், அல்லது அது எடுத்ததை நீங்கள் வெளியே எடுக்கவில்லை.

கடைசியாக எப்போது அறுவடை செய்தீர்கள் என்பதே முதல் கேள்வி. பாசிக்குள் சேர்ந்த நைட்ரஜன், பாசி தொட்டியை விட்டு வெளியேறும் வரை தொட்டியில்தான் இருக்கிறது. வாரமோ இரு வாரமோ ஒருமுறை, ஒரே அளவு பிழிந்து, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். அந்த எடை வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது, எந்தக் கிட்டும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

அறுவடை ஒழுங்காக நடக்கிறது என்றால் உள்ளே வரும் வழிகளைப் பாருங்கள். உப்புக் கலப்பதற்கு முன் ஆர்.ஓ. நீரில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளங்கள். டிடிஎஸ் (கரைந்துள்ள பொருள்களின் அளவு) மீட்டர் பூஜ்யம் காட்டாவிட்டால் நீர் வடிகட்டியின் ரெசின் தீர்ந்துவிட்டது. வடிகட்டிப் பையை நான்கு நாள்களுக்கு மேல் கழுவாமல் வைத்தால் அதில் சிக்கிய கழிவு அங்கேயே மக்கிக் கரைகிறது. உறைந்த உணவை உருக்கிய நீரை வடித்துவிட்டுக் கொடுங்கள். சம்பின் அடியிலும் பாசிப் பந்தின் கீழும் தேங்கிய பழுப்புச் சேற்றை ஒவ்வொரு நீர் மாற்றத்தின்போதும் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

நைட்ரேட் இறங்கி, பாஸ்பேட் மட்டும் ஒரே இடத்தில் நின்றால், முன்பு உயர்ந்த பாஸ்பேட்டில் ஊறிய பாறை அதை மாதக்கணக்கில் கசியவிடுகிறது என்று கொள்ளலாம். இதற்குப் பொறுமையும் ஜிஎஃப்ஓவும்தான் மருந்து. எல்லாம் சரியாக இருந்து, அறுவடை எடையும் நிலையாக இருந்து, எண்கள் மட்டும் உயர்ந்தே நின்றால், மீன்களின் எண்ணிக்கைக்கு உங்கள் ரெஃபுஜியம் சிறியது. விளக்கின் வலுவைக் கூட்டுவது அறையைப் பெரிதாக்குவதைவிட எளிது. அதிலும் தீராவிட்டால் மீன்களைக் குறைப்பதா, சம்பை மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். சம்பை மாற்றுவதானால், குழாய் இணைப்புகளை அனுபவமுள்ளவரிடம் ஒப்படைப்பது நல்லது.

## அறிகுறி 4: பெரும்பாசியின் மேல் வேறு பாசி படர்கிறது

### 4அ: பச்சை முடிப்பாசி

இதுவும் அதே சத்தைத்தான் உண்கிறது. ரெஃபுஜியத்துக்குள் இருக்கும் வரை இதைப் பறித்து எறிவதும் அறுவடையே. கீட்டோவை மூடி நிழலாக்கும்போதுதான் தொல்லை. பந்தைத் தொட்டி நீர் நிறைந்த வாளியில் வேகமாக அலசி, ஒட்டியதைக் கையால் உருவி, அறைக்குள் சில நத்தைகளை விட்டு, ஓட்டத்தைக் கூட்டுங்கள். பாதிக்கு மேல் மூடிவிட்டால் சுத்தம் செய்ய முயல வேண்டாம்; தூய்மையான ஒரு கைப்பிடியைப் பிரித்தெடுத்து மீதியை எறிந்துவிட்டு, அறைச் சுவரைச் சுரண்டி, மறுபடி தொடங்குவது விரைவு.

காட்சித் தொட்டியில் இறகு வடிவில் கிளைத்த பிரையாப்சிஸ் இருந்தால் ரெஃபுஜியம் அதை வெல்லாது. அதற்கு மருந்து இடுவதானால், முதலில் பெரும்பாசியை வேறு கடல்நீர்ப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

### 4ஆ: செந்நிறக் கொழகொழப்புப் படலம்

சயனோபாக்டீரியா. விரலால் தொட்டால் துணி போல உரிந்து வரும். ஓட்டமில்லாத மூலையும் தேங்கிய கழிவுமே வழக்கமான காரணங்கள். நைட்ரேட் பூஜ்யமாகி பாஸ்பேட் எஞ்சியிருக்கும் தொட்டிகளிலும் அடிக்கடி வரும். உறிஞ்சி எடுத்து, மூலைக்கு ஓட்டம் கொடுத்து, 1அ-வில் சொன்னபடி நைட்ரேட்டை நிலைப்படுத்துங்கள். மருந்து கடைசி வழி; இறக்கும் படலம் ஆக்சிஜனைத் தின்னும் என்பதால், இடும்போது காற்றுக்கல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

## அறிகுறி 5: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம், பவளம் வெளிறுகிறது, பழுப்பு இழைகள் தோன்றுகின்றன

ரெஃபுஜியம் அளவுக்கு மீறி வெற்றி பெற்றதன் விளைவு இது. வெளிறல் மட்டும் இருந்தால் பாசி விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாக்கி, ஜிஎஃப்ஓ இருந்தால் அதை முதலில் அகற்றி, உணவைக் கூட்டுங்கள். ஆல்கலினிட்டி 9-க்கு மேல் இருந்தால் அதையும் மெதுவாக 8-க்கு அருகில் கொண்டுவாருங்கள். சத்து இல்லாத நீரில் உயர்ந்த ஆல்கலினிட்டி கிளைப்பவளங்களின் நுனியைச் சுட்டுவிடும்.

மணலிலும் பாறையிலும் சளி போன்ற பழுப்பு இழைகள், நுனியில் குமிழிகளுடன், பகலில் பெருகி இரவில் குறைந்தால் அவை டைனோஃப்ளாஜெலேட்டுகள் என்னும் ஒருசெல் நுண்ணுயிர்களாக இருக்கலாம். சோதனை எளிது. இழைகளைத் தொட்டி நீருடன் ஒரு புட்டியில் உறிஞ்சி, நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடித்து, வடிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த நீரில் மீண்டும் இழை திரண்டால் ஐயம் உறுதியாகிறது. திரளாவிட்டால் பெரும்பாலும் டையாட்டம் என்னும் நுண்பாசி அல்லது சயனோபாக்டீரியா.

உறுதியானால், நைட்ரேட்டை 5-க்கும் பாஸ்பேட்டை 0.1-க்கும் உயர்த்தி அங்கேயே பிடித்து வையுங்கள். பாறை முதலில் பாஸ்பேட்டை விழுங்கிக்கொள்ளும் என்பதால் தினமும் அளக்க வேண்டியிருக்கும். இந்தக் காலத்தில் பெரிய நீர் மாற்றம் வேண்டாம். பாசியை முழுவதும் எறிய வேண்டாம். ஒரு கைப்பிடியை மங்கிய ஒளியில் வைத்திருங்கள்.

நிபுணரிடம் செல்லும் கட்டம்: நத்தைகள் சாகத் தொடங்கினால். ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற சில டைனோஃப்ளாஜெலேட் இனங்கள் நஞ்சுள்ளவை. மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்லக்கூடியவரிடம் காட்டுங்கள்; அதுவரை கையுறை இல்லாமல், குறிப்பாகக் கையில் காயத்தோடு, தொட்டிக்குள் கை விட வேண்டாம்.

## அறிகுறி 6: காட்சித் தொட்டியில் பாசித் துணுக்குகள், பம்பில் இரைச்சல், சம்பின் மட்டம் மாறுகிறது

கீட்டோ துணுக்குகள் தடுப்பைத் தாண்டி, நீரைக் காட்சித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்புக்குள் சென்றுவிட்டன. பம்பின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதன் முகப்பு மூடியைக் கழற்றி, ரோட்டரைச் சுற்றிய இழைகளை எடுத்து, எலுமிச்சை அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். ரெஃபுஜியத்தின் வெளியேற்றத்தில் 5 மில்லி மீட்டருக்கு உட்பட்ட கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைப் பொருத்துங்கள். ஆனால் அந்த வலை அடைத்துக்கொண்டால் அறை நிரம்பி வழியும் என்பதால், வாரந்தோறும் அதைத் துடைப்பதை அறுவடையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும், பாசியை அறைக்குள்ளேயே பிய்க்காமல், முழுப் பந்தையும் வாளிக்கு எடுத்துப் பிய்த்தால் துணுக்குகள் பெருமளவு குறையும்.

நீரில் கை வைக்கும்போது சுருக்கென்று உணர்ந்தால், அல்லது விளக்கை இயக்கும்போது மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்தால், இந்த வரிசை எதையும் பின்பற்ற வேண்டாம். தொட்டிக்குச் செல்லும் மின்சாரத்தை முதன்மை ஸ்விட்சிலேயே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ரெஃபுஜியம் விளக்குகள் உப்புத் தெறிப்புக்கு மிக அருகில் தொங்குபவை; துண்டிப்பானை மறுபடி மறுபடி தூக்கிவிட்டுச் சோதிக்கும் இடமன்று அது.

## அறிகுறி 7: நாற்றம், மஞ்சள் நீர், அல்லது பிஹெச் தாறுமாறு

நீர் மஞ்சளாகத் தெரிவது பாசி வெளியிடும் கரிமப் பொருள்களால். ஆக்டிவேட்டட் கார்பனை மாதந்தோறும் மாற்றினால் தீரும். வெள்ளைத் தட்டு ஒன்றைத் தொட்டியின் மறுபக்கம் பிடித்து நீளவாட்டில் பார்த்தால் மஞ்சள் எவ்வளவு என்பது தெரியும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பந்தின் அடியில் பாசி அழுகுகிறது, அல்லது அறையில் இட்ட மணலோ சேறோ ஆக்சிஜனின்றிக் கறுத்துவிட்டது. முதல் நிலையில் அழுகியதை எடுத்துவிட்டால் போதும். இரண்டாம் நிலையில் கறுத்த மணலைக் கிளறவே கூடாது. கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு நீரில் கலக்கும். ரெஃபுஜியத்துக்கு வரும் நீரையும் போகும் நீரையும் அடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயால் உறிஞ்சி, பலமுறையாக வெளியேற்றுங்கள். கறுப்பு அறை முழுவதும் பரவி, அது காட்சித் தொட்டியின் மணலிலும் தெரிந்தால், பராமரிப்பாளரை வைத்து உயிரிகளை மாற்று நீருக்குக் கொண்டுபோன பிறகே மணலில் கை வைக்க வேண்டும்.

பிஹெச் காலையில் 7.8, மாலையில் 8.4 என்று ஊசலாடினால், காட்சித் தொட்டி விளக்கும் பாசி விளக்கும் ஒரே நேரத்தில் எரிகின்றனவா என்று பாருங்கள். பாசி விளக்கை இரவுக்கு மாற்றினால் ஊசல் சுருங்கும். மாற்றிய பிறகும் காலை அளவு 7.8-லேயே நின்றால், மூடிய அறையில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடே காரணமாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து ஒரு நாள் முழுவதும் அளந்து பார்த்தபின் மறுபடி டைமரைத் தொடுங்கள்.